மருத்துவன் என்பான் யார்?

(வெள்ளிவிழாவின் இரண்டாம் நாள் மாலைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

மருத்துவரும் சமுதாயமும் என்னும் பொருள்பற்றி அரைமணி நேரம் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். நான் மருத்துவன் அல்லேன், பள்ளிக்கூடத்து வாத்தியார். வாத்தியாருக்குத் தெரிந்தவை சொல்லும் பொருளும்தாம். ஆதலின் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

நோயைத் தீர்ப்பவர்க்குத் தமிழில் எத்தனை பெயர்கள்! மருத்துவன், வைத்தியன், பண்டிதன், பரிகாரி. திருவள்ளுவர் இன்னும் சுருக்கமாகத் 'தீர்ப்பான்' என்கிறார். பேறு பார்ப்பவள் மருத்துவச்சி. வேரும் இலையும் அரைத்துக் கொடுப்பவர் நாட்டு வைத்தியர். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவர் ஒருவர், விடக்கடிக்குப் பச்சிலை தருபவர் ஒருவர், குழந்தை இரவில் வீரிட்டு அழுதால் திருநீறு மந்திரித்துப் போடுபவர் ஒருவர். ஆங்கில முறையில் படித்துத் தேறியவரை டாக்டர் என்கிறோம். அண்ணல் அம்பேத்கரையும் டாக்டர் என்கிறோம். ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன், "ஐயா, அம்பேத்கர் எந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார்?" என்று என்னைக் கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. டாக்டர் என்னும் இலத்தீன் சொல்லுக்குக் கற்பிப்பவன் என்பதே முதற்பொருள் என்று அவனுக்குச் சொன்னேன். அதை ஏற்றுக்கொண்டான். ஆயினும் அவன் கேள்வி என்னை விடவில்லை. அம்பேத்கர் எந்த நோய்க்கு மருந்து தேடினார் என்பது நாம் அறியாததா?

நிற்க. மேலே சொன்ன பெயர்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வியப்பான ஒன்று புலப்படும். ஓரிடத்தில் உயர்ந்து நிற்கும் பெயர் வேறோரிடத்தில் தாழ்ந்து கிடக்கிறது. யாழ்ப்பாணத்தில் பரியாரியார் என்றால் ஊரார் எழுந்து நின்று மதிக்கும் தமிழ் மருத்துவர். நெல்லையிலும் குமரியிலும் அதே சொல் முடிதிருத்தும் தொழிலாளரைக் குறிக்கும். பண்டிதர் என்பதும் அவ்வாறே புலவர்க்கும் ஆகும். சவரக் கத்தி பிடித்தவர்க்கும் ஆகும். தமிழ்நாட்டரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் முடிதிருத்தும் சமூகத்தார்க்கு உரிய பெயர்களைப் பாருங்கள். மருத்துவர் என்றிருக்கிறது. பிராணோபகாரி என்றும் இருக்கிறது; உயிருக்கு உதவுபவன் என்பது அதன் பொருள். உயிருக்கு உதவியவனை உயிரோடு இருப்பவர்கள் திண்ணைக்கு வெளியே ஏன் நிறுத்தினார்கள்?

காரணத்தைப் பழைய நூல்களே சொல்லுகின்றன. மனுதரும சாத்திரம் நோய் தீர்ப்பவனை நீத்தார் கடனுக்கு அழைக்கத் தகாதவர் வரிசையில் வைக்கிறது. அவனிடம் பெறும் உணவைச் சீழுக்கு ஒப்பிடுகிறது. மருத்துவத் தொழிலை அம்பஷ்டர் என்னும் கலப்புக் குலத்தார்க்கு ஒதுக்குகிறது. அம்பட்டன் என்னும் நம் நாட்டுச் சொல் அதிலிருந்து வந்ததே என்று அகராதி கூறும். இந்த வெறுப்பு எதனால்? மருத்துவன் தொடுகிறான். குருதியையும் சீழையும் தொடுகிறான். இன்னார் இனியார் என்று பாராமல் தொடுகிறான். தொடாமல் மருத்துவம் இல்லை. தொட்டவர் கீழ் என்பது சாதியின் கணக்கு. ஆகவே சாதி வேரூன்றிய நாட்டில் மருத்துவன் இரண்டாகப் பிளக்கப்பட்டான். ஏட்டைப் பார்த்து மருந்தின் பெயர் சொல்லுபவன் மேலே இருந்தான். கைவைத்துக் கட்டியைக் கீறியவனும், பிறந்த பிள்ளையைக் கையில் ஏந்தியவளும் கீழே இறக்கப்பட்டார்கள்.

மேலைநாட்டிலும் ஒரு காலத்தில் கத்தி பிடித்துச் செய்யும் மருத்துவம் முடிதிருத்துவோரிடமே இருந்தது. 1540-ல், எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில், இலண்டனில் முடிதிருத்துவோரும் அறுவை மருத்துவரும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டனர். 1745-ல் பிரிந்தனர். 1800-ல் அறுவை மருத்துவர்க்கு அரச கல்லூரி அமைந்தது. இன்றும் இங்கிலாந்தில் அறுவை மருத்துவரை டாக்டர் என்று அழைப்பதில்லை. மிஸ்டர் என்றே அழைக்கிறார்கள். பட்டமில்லாத கைத்தொழிலாளராக இருந்த காலத்தின் எச்சம் அது. அதை அவர்கள் மறைக்கவில்லை, பெருமையாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே தொழில் வளர்ந்து கல்லூரி ஆயிற்று. இங்கே உறைந்து சாதி ஆயிற்று.

நம் நாட்டுக் கைகளுக்குத் திறமை இல்லாமலா இப்படி நேர்ந்தது? 1794-ல் இலண்டனில் வெளிவந்த ஜென்டில்மேன்ஸ் மாகசின் என்னும் இதழில் ஒரு செய்தியும் படமும் வந்தன. ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் படையினரிடம் சிறைப்பட்டு மூக்கை இழந்தார். பூனாவுக்கு அருகே செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர், கவாஸ்ஜியின் நெற்றித் தோலையே வெட்டி மடித்து அவருக்குப் புது மூக்கு அமைத்தார். உடனிருந்து பார்த்த ஆங்கில மருத்துவர் இருவரும் வாயடைத்துப் போயினர். இருபது ஆண்டுகள் கழித்து, 1814-ல், கார்ப்யூ என்னும் இலண்டன் மருத்துவர் அம்முறையைச் செய்து பார்த்து வெற்றி பெற்றார். ஒட்டுறுப்பு அறுவை என்று உலகம் போற்றும் துறையின் வரலாற்றில் இந்நிகழ்ச்சிக்கு நிலையான இடமுண்டு. நோயாளியின் பெயர் அச்சில் இருக்கிறது. பார்த்தவர்களின் பெயர் இருக்கிறது. செய்து முடித்த செங்கல்காரரின் பெயர் மட்டும் இல்லை.

பெயரில்லாமற் போனவர்களில் முதலிடம் மருத்துவச்சிகளுக்கே உரியது. தாய்மார்கள் நிறைந்த அவையில் இதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

என் சிறுவயதில் எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி இருந்தார். எங்கள் காலனியில் பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் அவர் கையில் விழுந்தவர்களே. ஊர்த்தெருவில் பேறு பார்க்க வேறு மருத்துவச்சி உண்டு. அவர் வரமுடியாத இரவுகளில் அங்கிருந்து ஒருவர் அரிக்கேன் விளக்கோடு வந்து எங்கள் தெருமுனையில் நின்று குரல் கொடுப்பார். கிழவி எழுந்து போவார். வீட்டின் பின்கட்டு வழியே உள்ளே விடுவார்கள். வலியில் துடிப்பவளின் வயிற்றை நீவலாம்; முதுகைத் தாங்கலாம்; குழந்தையின் தலையை ஏந்தலாம்; தொப்புள்கொடியை அறுக்கலாம். அந்த நேரத்தில் தீட்டு இல்லை. குழந்தை அழுத குரல் கேட்டதும் தீட்டு வந்துவிடும். நஞ்சுக்கொடியைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு, வந்த வழியே திரும்பவேண்டும். கூலியாக நெல் அளந்து முந்தானையில் கொட்டுவார்கள், கைபடாமல். "எண்ணெய் தேய்க்கும்போது இருந்த கைதானேடா இது" என்று அவர் ஒருமுறை என் பாட்டியிடம் சொல்லிச் சிரித்ததைக் கேட்டிருக்கிறேன். கோபமாகச் சொல்லியிருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன்.

தீட்டு வேறு, அழுக்கு வேறு. இந்த வேறுபாட்டை இளைஞர்கள் நன்றாக மனத்திற்கொள்ளவேண்டும். வியன்னா நகரத்துப் பெரிய மருத்துவமனையில் இரண்டு பேறுகாலப் பகுதிகள் இருந்தன. ஒன்றில் பட்டம் பெற்ற மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் பேறு பார்த்தார்கள். மற்றொன்றில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். 1846-ல் மருத்துவர் பகுதியில் நூறு தாய்மார்களில் 11 பேர் மடிந்தனர். மருத்துவச்சிகள் பகுதியில் மடிந்தவர் 3 பேருக்கும் குறைவு. ஏழைப் பெண்கள் டாக்டர் பகுதி வேண்டா என்று கெஞ்சினார்கள். செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர் காரணத்தைக் கண்டார். மருத்துவர்கள் பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு வந்து தாய்மாரைத் தொட்டனர். 1847 மே மாதத்தில், குளோரின் கலந்த நீரில் கைகழுவிய பின்னரே உள்ளே வரவேண்டும் என்று அவர் கட்டளையிட்டார். சாவு மளமளவென்று குறைந்தது. எங்கள் கையா அழுக்கு என்று பெரிய மருத்துவர்கள் பலர் சினந்தார்கள். செம்மல்வைஸ் 1865-ல் ஒரு மனநோய் விடுதியில் இறந்தார்.

அழுக்கு கையில் இருப்பது, கழுவினால் போகும். தீட்டு என்பது கழுவினாலும் போகாது என்று சொல்லப்பட்டதால்தான் அது பொய். கிருமிக்குச் சாதி தெரியாது. இது மருத்துவச்சிகளின் கை எக்காலத்தும் தூயது என்ற வாதமும் ஆகாது. துருப்பிடித்த கத்தியால் கொடி அறுத்து, இசிவு கண்டு இறந்த குழந்தைகள் நம் தெருக்களிலும் உண்டு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பேறுகள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. இது நம் தாய்மார்கள் பெற்ற பெரும்பேறு. பழைய காலம் திரும்பவேண்டும் என்று எவரும் கேட்கமாட்டார்கள். கழுவிய கையும் வேண்டும், தள்ளாத கையும் வேண்டும் என்பதே நான் கேட்பது.

தள்ளிய கை என்ன செய்யும் என்பதற்கு ஒரு சான்று. அம்பேத்கர் தம் வாழ்க்கை நிகழ்ச்சிகளோடு பிறர் பட்ட துன்பங்களையும் சேர்த்து எழுதிவைத்த சிறு நூல் ஒன்று உண்டு. அதில், 1929 டிசம்பரில் காந்தியடிகளின் யங் இந்தியா இதழில் வெளிவந்த ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டுகிறார். எழுதியவர் கத்தியவாரைச் சேர்ந்த தாழ்த்தப்பட்ட வகுப்புப் பள்ளி ஆசிரியர். என் தொழிலைச் செய்தவர். அவர் மனைவி பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் நோயுற்றார். மூச்சுவிட முடியவில்லை. மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். ஊர்ப் பெரியவர்களிடம் மன்றாடி, இரண்டு ரூபாய்க் கட்டணத்திற்கு அவர்கள் பிணை நின்ற பிறகு, சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்ப்பேன் என்றார். பச்சைக் குழந்தையோடு தாயை வெளியே கொண்டுவந்தார்கள். மருத்துவர் வெப்பமானியை ஒரு முசுலிம் அன்பரிடம் கொடுத்தார். அவர் ஆசிரியரிடம் கொடுத்தார். ஆசிரியர் மனைவிக்கு வைத்தார். அதே வழியில் அது திரும்பியது. இரவு எட்டுமணி விளக்கொளியில் அதைப் பார்த்துவிட்டு நிமோனியாக் காய்ச்சல் என்று சொல்லிப் போனார். மருந்து வந்தது, மருத்துவர் மீண்டும் வரவில்லை. அந்தத் தாய் இறந்துபோனார்.

வெப்பமானி கைமாறிய வழியைப் பாருங்கள். நோயைக் கணக்கிடும் கருவி கையில் இருக்கிறது, படிப்பு இருக்கிறது, நோயின் பெயரும் சரியாகத் தெரிந்திருக்கிறது. நாடியை மட்டும் பிடிக்கவில்லை. அவர் பட்டம் பெற்ற டாக்டர். தீர்ப்பான் என்று அவரைச் சொல்லமுடியுமா? தொண்ணூறாண்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். பெயர் வேண்டா, ஓர் ஊரில் மாத்திரை அட்டையை மேசைமேல் வைத்து எழுதுகோல் முனையால் நோயாளியின் பக்கம் தள்ளுவதை நானே பார்த்திருக்கிறேன்.

மறுபக்கமும் உண்டு. தொட வந்த கையை வீட்டார் மறுத்ததும் உண்டு. நம் மூங்கில்துறைப்பட்டு முன்பு தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்ததைப் பெரியவர்கள் அறிவீர்கள். அதே மாவட்டத்துத் திண்டிவனத்தில் 1890-களில் ஓரிரவு, பேறுகாலத்தில் துடித்த மனைவியருக்காக மூன்று கணவர்கள் ஒருவர்பின் ஒருவராக ஓர் அமெரிக்கப் பாதிரி மருத்துவரின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மருத்துவரின் மகள் வரவேண்டும் என்றார்கள். அவளுக்கு மருத்துவம் தெரியாது, தந்தை வருவார் என்றபோது, ஆண்கை படலாகாது என்று திரும்பிவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த மகள்தான் ஐடா ஸ்கடர். கடல் கடந்து சென்று மருத்துவம் படித்து, 1900-ல் திரும்பி வந்தார். 1918-ல் வேலூரில் பெண்களுக்கென அவர் தொடங்கிய மருத்துவப் பள்ளியே இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரி. நம் பகுதியில் வேலூருக்குப் போய் உயிர் பிழைத்து வந்தவர் இல்லாத ஊர் எது?

இனி நம்மவர் ஒருவரைப்பற்றிப் பேசவேண்டும். அயோத்திதாசப் பண்டிதரை எழுத்தாளர், பௌத்தர், அரசியல் முன்னோடி என்று பலவாறு சொல்லுவார்கள். அவர் சோறு தின்றது சித்த மருத்துவத் தொழிலால் என்பதைப் பலர் நினைப்பதில்லை. 1845-ல் சென்னையில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குத் தமிழும் மருத்துவமும் கற்பித்த ஆசிரியர் அயோத்திதாச கவிராச பண்டிதரின் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். ஆசிரியர்க்கு இதைவிட உயர்ந்த காணிக்கையை நான் கேட்டதில்லை. என் மாணவர்கள் பெரும்பாலும் எனக்குப் பட்டப்பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

பண்டிதர் இராயப்பேட்டையில் நாடிபிடித்து மருந்து கொடுத்தார். 1891 டிசம்பரில் நீலகிரியில் அவர் கூட்டிய மாநாட்டின் கோரிக்கைகளைப் படித்தால் அங்கேயும் மருத்துவனின் கண் தெரிகிறது. கல்வியும் நிலமும் வேண்டும் என்று கேட்டவர், பொதுக் கிணறு, குளங்களில் தண்ணீர் எடுக்க இருந்த தடை நீங்கவேண்டும் என்றும் கேட்டார். பேதிக்கு மருந்து கொடுப்பவனுக்குத் தெரியாதா, தண்ணீர் எங்கே இருக்கிறது, யார் அதைத் தரவில்லை என்று? கர்னல் ஆல்காட்டின் துணையோடு தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிகள் தோன்றக் காரணமாயிருந்தார். 1898-ல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-ல் ஒரு பைசாத் தமிழன் இதழைத் தொடங்கி, 1914-ல் மறையும்வரை நடத்தினார். சாதியில்லாத திராவிடர் என்று நம் மக்களை எழுதிக்கொள்ளச் சொன்னார். இழிவான பெயரைச் சுமந்து நடக்கும் மனிதன் நோயாளியாகவே நடப்பான். பெயரை மாற்று என்று மருந்துச்சீட்டு எழுதிய மருத்துவர் அவர். 2005-ல் தாம்பரம் சானடோரியத்தில் திறக்கப்பட்ட தேசியச் சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் மருத்துவமனை என்றே பெயர். நாள்தோறும் எல்லாச் சாதியாரும் அவர் பெயர் அச்சிட்ட சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். சென்னை போகும் இளைஞர்கள் ஒருமுறை அந்த வரிசையைப் பார்த்து வாருங்கள்.

கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்துகொண்டு பச்சிலையையும் விடக்கடியையும் பேசாமல் போகலாகாது. மலையாளி மக்களுக்குத் தெரிந்த மூலிகைகள் பல, நம் புத்தகங்களில் இல்லாதவை. அந்த அறிவை மதிக்கிறேன். எழுதி வைக்கவேண்டும் என்றும் விரும்புகிறேன். ஆனால் பாம்புக்கடி என்று வந்தால் மந்திரிப்பவர் வீட்டு வாசலில் ஒரு நிமிடமும் நிற்காதீர்கள். கரும்புத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் நாம். இது நம் உயிர்ச் சிக்கல். கடிவாயைக் கீறவேண்டா, இறுக்கிக் கட்டவேண்டா, கடிபட்ட உறுப்பை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நச்சுமுறி மருந்து அங்கே இருக்கிறது. திருநீறு பூசுபவர்மேல் எனக்குப் பகையில்லை. அச்சத்தால் நடுங்குபவனின் தலையில் கைவைத்து, ஒன்றுமில்லை போ என்று சொல்ல ஒருவர் வேண்டியிருக்கிறது. டாக்டர்கள் அதைச் சொல்ல நேரமில்லாதவர்களாக இருக்கிறார்கள். ஆயினும் நஞ்சு அச்சத்தைப் போன்றதன்று, அது காத்திருக்காது.

அந்த நச்சுமுறி மருந்து எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் மீண்டும் நம் போன்றவர்களின் கைகளே தெரியும். பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர் மக்களின் பிழைப்பு, தோல் வணிகம் சட்டப்படி தடை செய்யப்பட்டதும் நின்றுபோயிற்று. 1978-ல் செங்கற்பட்டுப் பகுதியில் அவர்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து, நஞ்சை எடுத்தபின் மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியிலிருந்து மருந்து எடுக்கிறார்கள். இந்திய நாட்டு மருந்து நிறுவனங்களுக்கு இச்சங்கமே பெரும்பங்கு நஞ்சை வழங்கி வந்திருக்கிறது. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருளர் இருவர்க்குப் பத்மசிறீ விருது கிடைத்தது. செய்தித்தாளில் அந்தப் படத்தைக் கண்டபோது, பூனாச் செங்கல்காரரின் பெயரில்லாத பக்கம் எனக்கு நினைவுக்கு வந்தது.

திருக்குறளில் மருந்து என்று ஓர் அதிகாரம் இருப்பதை மாணவர்கள் அறிவார்கள். அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன். அந்த நான்காமவனை உழைச்செல்வான் என்கிறார். தேர்வுக்கு நான்கையும் மனப்பாடம் செய்கிறோம். வாழ்க்கையில் ஒன்றை மட்டும் வணங்குகிறோம். எதிர்கால ஆசை என்று கட்டுரை எழுதச் சொன்னால் என் வகுப்பில் பாதிப்பேர் டாக்டர் ஆவேன் என்று எழுதுகிறார்கள். ஒரே ஒரு மாணவி நர்ஸ் ஆவேன் என்று எழுதினாள். அவள் தாய் ஒரு மருத்துவமனையில் தூய்மைப் பணியாளர். "அம்மா கழுவும் தரையில்தான் ஐயா எல்லா டாக்டரும் நடக்கிறார்கள்" என்று எழுதியிருந்தாள். அக்கட்டுரைக்குப் பத்துக்குப் பத்து போட்டேன். எழுத்துப்பிழை இரண்டு இருந்தது.

2020-ல் கொரோனா வந்தபோது நாடே ஒருவரையொருவர் தொட அஞ்சியது. அந்நாளில் குப்பை அள்ளியவரும் பிணத்தைப் பொதிந்தவரும் யார் என்று நான் சொல்லவேண்டுவதில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் சென்னையில் சைமன் ஹெர்குலிஸ் என்னும் நரம்பியல் அறுவை மருத்துவர் அந்நோயால் இறந்தார். அவர் உடலைப் புதைக்கவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து ஊர்தியை விரட்டியது. அவருடைய நண்பரான மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் தம் கையால் மண் அள்ளிப்போட்டு அடக்கம் செய்தார். தலைமுறை தலைமுறையாக நாம் பட்டதை ஒரு பெரிய மருத்துவரின் குடும்பம் ஓரிரவில் பட்டது. மகிழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. தீண்டாமை ஒருமுறை பழகிய நாடு யாரை எப்போது வெளியே தள்ளும் என்று சொல்லமுடியாது.

நம் மாவட்டத்திற்கு வருவோம். 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. 2022-ல் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. நான் படித்த நாளில் இவற்றுள் ஒன்றும் இல்லை. 2024 சூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் என்ன நடந்தது என்பதையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள், நம்மைப் போன்ற குடும்பத்தினர். மெத்தனால் வயிற்றுக்குள் போனதும் கொல்லுவதில்லை. உடம்பு அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும்போதுதான் கண்நரம்பு சிதைந்து உயிர் போகிறது. இடையில் சில மணி நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் மருத்துவமனையை அடைந்தவர்களில் பலர் பிழைத்தார்கள். மருத்துவர்களும் செவிலியரும் இரவு பகல் பாராமல் உழைத்தார்கள். ஆனால் அந்தக் குடிசைகளுக்கு வேண்டிய மருத்துவர் அதற்குப் பத்தாண்டு முன்னரே வந்திருக்கவேண்டும். சாராயம் எப்படி வருகிறது, கூலி வாங்கிய கை ஏன் முதலில் அங்கே போகிறது என்று கேட்பவராக அவர் இருந்திருக்கவேண்டும். நோயின் முதலைத் தேடு என்று வள்ளுவர் சொன்னது குடலுக்குள் மட்டும் தேடவா?

இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தது, மாலைப் பாடம் நடத்தியது. அப்பிள்ளைகளில் செவிலியர் ஆனவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். இனி மருத்துவர்களும் வருவார்கள். அவர்களிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேட்டுவைக்கிறேன். வெள்ளை அங்கி போட்டபின் நம் தெருவுக்கு வாருங்கள், திண்ணையில் உட்காருங்கள், கிழவியின் கையைப் பிடித்து நாடி பாருங்கள். நகரத்தில் வீடு கட்டுவது உங்கள் உரிமை. அதை யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் நம் வீட்டுப் பிள்ளையே நம்மைத் தொடத் தயங்கி மேசைக்கு அப்பால் உட்கார்ந்தால், கத்தியவார் ஆசிரியரின் மனைவி இரண்டாம் முறை இறப்பாள்.

இளைஞர் அணியினர்க்கு ஒரு வேலை தருகிறேன். சங்கத்துப் படிப்பகத்தில் கோடிட்ட குறிப்பேடு ஒன்றை வைத்திருக்கிறேன், இருநூறு பக்கம். இங்கே அமர்ந்திருப்பவர்களில் நாற்பது வயது கடந்தவர்கள் பெரும்பாலும் வீட்டில் பிறந்தவர்கள். உங்களைக் கையில் ஏந்திய மருத்துவச்சியின் பெயர் என்ன? அவர் எந்த ஊர்? யாரிடம் கற்றார்? என்னென்ன மருந்து கொடுத்தார்? தாயிடம் கேளுங்கள்; தாய் இல்லையென்றால் பெரியம்மா, அத்தையிடம் கேளுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். மருத்துவமனையில் பணிபுரியும் நம் ஆயாக்கள், துப்புரவாளர்கள் பெயரையும் அவர்கள் செய்யும் பணியையும் எழுதுங்கள். பொங்கலுக்குள் குறிப்பேடு நிரம்பிவிட்டால் அடுத்த ஏட்டையும் நானே வாங்கித் தருகிறேன். முதற்பக்கத்தில் எங்கள் தெருக் கிழவியின் பெயரை எழுதிவிட்டேன். இரண்டாம் பக்கம் காலியாக இருக்கிறது.